விடியற்கால முதுகுவலியும் லேடெக்ஸ் மெத்தையும்

இரவு முழுவதும் அயர்ந்து நித்திரை செய்திருந்தும், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நிற்பதும், பல் துலக்கி, குளித்து, காலை ஆகாரத்தை முடித்து, ஒன்றிரண்டு மணி நேரம் நடமாடிய பின்னர் அந்த வலி இருந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடுவதும், புதிதாக லேடெக்ஸ் மெத்தை வாங்கியவர்களுள் சிலர் சொல்லக் கேட்கும் அனுபவம். நெடுநாள் உழைத்த இலவம் பஞ்சு மெத்தையை ஒதுக்கிவிட்டு, முதுகுக்கு நல்லது என்ற சொல்லை நம்பி, பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய பண்டம் ஆதலால் அவர்களுடைய வருத்தம் இரட்டிப்பாகிறது. விற்றவர், 'பழகினால் சரியாகிவிடும்' என்கிறார். வீட்டிலுள்ள பெரியவர், 'பேசாமல் தரையில் பாயை விரித்துப் படு' என்கிறார். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய வேண்டுமானால், வலி தோன்றும் நேரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். சுமை தூக்கியதாலோ, நாளெல்லாம் குனிந்து வேலை செய்ததாலோ உண்டாகும் வலி மாலையில் மிகுவதும் ஓய்வில் தணிவதும் இயல்பு. இதுவோ ஓய்வின் முடிவில் உச்சத்தை அடைந்து, உடல் உழைக்கத் தொடங்கியதும் குறைகிறது. இந்த நேர்மாறான போக்குக்குக் காரணம் மெத்தையில் பாதியும், நம் முதுகெலும்பின் அமைப்பிலே பாதியுமாக இருக்கிறது.

முதுகெலும்பிலிருந்து தொடங்குவோம். அது 33 முள்ளெலும்புகளால் ஆனது; அவற்றுள் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் தனித்தனியே அசையக்கூடியவை; எஞ்சியவை ஒன்றோடொன்று கூடித் திரிக எலும்பாகவும் வால் எலும்பாகவும் ஆகிவிட்டன. கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலே தவிர, அசையும் எலும்புகள் அனைத்தின் நடுவிலும், கடைசி இடுப்பு எலும்புக்கும் திரிக எலும்புக்கும் நடுவிலும் ஒவ்வொரு வட்டு அமைந்திருக்கிறது. அந்த 23 வட்டுகளும் ஒரே மாதிரியான அமைப்புடையவை: வெளிப்புறத்தில் அடுக்கடுக்காகக் குறுக்கும் மறுக்குமாக ஓடும் வலிய நார்வளையங்கள், உட்புறத்தில் நீர் செறிந்த பாகு போன்ற கரு. அந்தக் கருவிலுள்ள பெரிய மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் தாங்கியவை ஆதலால், சுற்றிலுமுள்ள நீரை இடைவிடாமல் தம்பால் ஈர்த்துக்கொண்டே இருக்கும் சுபாவமுடையவை. பகலில் நாம் நிற்கையிலும் உட்காருகையிலும் மேலே உள்ள உடலின் பாரம் அந்த நீரைச் சிறிது சிறிதாகப் பிழிந்து வெளியேற்றுகிறது. இரவில் படுத்ததும், பாரம் நீங்கியதால், வெளியேறிய நீர் மீண்டும் உள்ளே வருகிறது. வளர்ந்த மனிதனின் வட்டினுள்ளே இரத்தக் குழாய்கள் நுழைவதில்லை என்பதும், அதற்கு வேண்டிய ஊட்டம் எல்லாம் அருகிலுள்ள எலும்பின் நுண்குழாய்களிலிருந்து மெல்லக் கசிந்து பரவியே வந்து சேர வேண்டும் என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கவை.

இவ்வாறு நீர் போவதும் வருவதும் அற்பமான விஷயம் அல்ல. அளவுகோலைக் கொண்டு பார்த்தால், 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் மாலையில் இருப்பதைவிடக் காலையில் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. உயர்ந்திருப்பார், அந்த அதிக உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குறைந்துவிடும். 1999-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உல்ம் நகரத்தைச் சேர்ந்த வில்கே என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், ஒரு தன்னார்வலரின் இடுப்பிலே நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவிலுள்ள வட்டினுள் நுண்ணிய அழுத்தமானி ஒன்றைச் செலுத்தி, அவர் நிற்கையிலும் உட்காருகையிலும் தூங்குகையிலும் உள்ளே நிகழ்வதை அளந்தார்கள். நிற்கையில் 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம் மல்லாந்து படுத்தபோது 0.1 ஆகத் தாழ்ந்தது. ஆனால் ஏழு மணி நேர நித்திரைக்குப் பின், எழுந்து நின்று பாரம் ஏற்றுவதற்கு முன்னரே, அது 0.24 ஆக உயர்ந்திருந்தது. இரவெல்லாம் நீரை உறிஞ்சிய வட்டு தன் வளையங்களுக்குள்ளே புடைத்து நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை.

புடைத்த வட்டு வளைவதற்கு இணங்காது. இறந்தோரின் முதுகெலும்புத் துண்டுகளைக் கொண்டு ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகிய மூவர் செய்து 1987-இல் வெளியிட்ட பரிசோதனைகள், ஒரே அளவு குனிதலுக்கு, மாலை நேரத்து வட்டைவிடக் காலை நேரத்து வட்டின் நார்கள் பன்மடங்கு அதிகமான இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று காட்டின. விண்வெளி யாத்திரை செய்தவர்களின் அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. பாரமே இல்லாத அந்த நிலையில் அவர்களுடைய முதுகெலும்பு சில செ.மீ. நீண்டுவிடுகிறது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முதல் சில நாட்களில் இடுப்புவலியால் துன்புறுகிறார்கள், முழங்கால்களை மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டால் அந்த வலி பெரும்பாலும் தணிகிறது என்றும் சொல்கிறார்கள். மெத்தை என்ற ஒன்றே தேவைப்படாத இடத்திலும், பாரம் நீங்கிய முதுகெலும்புக்கு வலி உண்டு என்பதை அறிந்துகொண்டால், எல்லாப் பழியையும் மெத்தையின் மேலே சுமத்த மனம் வராது.

ஆயினும் மெத்தைக்குப் பங்கு இல்லாமற் போகவில்லை. விழித்திருக்கும்போது முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிப்பவை தசைகளே. ஓர் ஆசனம் சற்று அசௌகரியமாக இருந்தாலும் அவை நம்மை அறியாமலே சரிசெய்துகொள்கின்றன. நித்திரையில் அந்தக் காவல் தளர்கிறது. கனவு காணும் கட்டத்திலோ சுவாசத் தசைகளையும் கண் தசைகளையும் தவிர ஏனையவை அறவே செயலற்றுப் போகின்றன. அப்பொழுது முதுகெலும்பின் வடிவத்தை நிர்ணயிப்பது அடியிலிருக்கும் படுக்கைதான். அது முதுகெலும்பை ஒரு பக்கமாக வளைத்து வைத்திருக்குமானால், புடைத்துக்கொண்டே வரும் வட்டுகளும் மணிக்கணக்கில் இழுபட்டுக் கிடக்கும் இணைப்பு நார்களும் அந்த வளைவிலேயே இரவைக் கழிக்கின்றன. விடிந்ததும் உண்டாகும் பிடிப்புக்கு இதுவே பிரதானமான காரணம்.

இனி ரப்பர் மரத்தின் பாலாகிய லேடெக்ஸைக் கவனிப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே பால் வெட்டுகிறவர்கள் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்குவதற்கு முன்னர், பட்டையிலுள்ள பால் குழாய்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையைச் சாய்வாகச் சீவினால்தான் பால் தாராளமாகச் சிரட்டையில் வடியும். அமேசான் காடுகளுக்குரிய அந்த மரத்தின் விதைகளை ஹென்றி விக்காம் என்பவர் 1876-இல் லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்க்க, அங்கே முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. தென்னாசியாவின் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, சுழல் இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, ரப்பர் 60 சதவீதம் இருக்குமாறு செறிவாக்கி, கந்தகம் முதலியவற்றைக் கலந்து, காற்றுப் புகும்படி நுரையாக அடித்து, உறையவைத்து, அச்சில் இட்டு நீராவியால் வேகவைத்தால் மெத்தை ஆகிறது. இந்த முறையை 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியைச் சேர்ந்த மர்பி என்பவர் கண்டார். பின்னால் வந்த தாலலே முறையில், அச்சிலுள்ள நுரையை வெற்றிடத்தால் விரியச் செய்து, உறைபனி நிலைக்குக் குளிர்வித்து, கரியமில வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்குகிறார்கள். அதனால் நுரையறைகள் மேலும் கீழும் ஒரே சீராக அமைகின்றன. டன்லப் முறையிலோ அடிப்பக்கம் சற்று அடர்த்தியாகிவிடுவது உண்டு. அச்சிலே நிறுத்திய ஊசிகள் விட்டுச் செல்லும் துளைகளை எந்த லேடெக்ஸ் மெத்தையின் உறையைக் கழற்றினாலும் காணலாம்; வெப்பம் உள்ளே சீராகப் பரவுவதற்காக ஏற்பட்ட அந்தத் துளைகள், பெரியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும் இடத்தில் மெத்தையை மென்மையாக்குகின்றன.

லேடெக்ஸ் ஏனைய நுரைகளினின்றும் வேறுபடுவது அதன் எதிர்த்தெழும் குணத்தால். ரப்பரின் மூலக்கூறு மிக நீண்ட சங்கிலி. சாதாரண நிலையில் அது சிக்குண்ட நூற்கண்டைப் போலத் தாறுமாறாகச் சுருண்டு, வெப்பத்தால் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். இழுத்தால் சங்கிலிகள் ஒழுங்காக நீள்கின்றன. விட்டால் அந்த வெப்ப நெளிவே அவற்றைப் பழைய ஒழுங்கின்மைக்குத் திருப்புகிறது. ஜான் காஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர், குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் பார்வையை இழந்தவர், 1805-இல் ஒரு ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்து, அது சூடாவதையும், விட்டால் குளிர்வதையும் உணர்ந்து எழுதிவைத்தார். மூலக்கூறுகளைப் பற்றிய அறிவு வளர்வதற்கு நூறாண்டுகளுக்கு முன் ரப்பரின் மீள்தன்மைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை உதட்டாலேயே கண்டுபிடித்த அந்த மகானுபாவரை நினைக்கும்தோறும் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. இந்த மீள்தன்மை காரணமாக, லேடெக்ஸை அழுத்தினால் பெரும்பகுதி சக்தியை உடனே திருப்பித் தந்துவிடுகிறது. 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டு இன்று 'மெமரி ஃபோம்' என்று விற்கப்படும் நுரையோ, உடற்சூட்டால் இளகி, மெதுவாகக் குழிந்து, மெதுவாகவே மீள்வது. பஞ்சு மெத்தையோ, அழுந்தியது அழுந்தியபடியே கிடந்து, சில ஆண்டுகளில் தன்மேல் படுத்தவரின் உடலுக்கு ஏற்ற பள்ளத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது. அந்தப் பள்ளத்திலே பழகிய முதுகு, தொட்ட இடமெல்லாம் எதிர்த்துத் தள்ளும் லேடெக்ஸின் மீது முதல் இரவு படுக்கும்போது அந்நியமாக உணர்வதில் வியப்பில்லை. மாறாக, புரண்டு படுப்பதற்கு லேடெக்ஸ் மிகவும் உதவும். குழிக்குள் சிக்கிக்கொள்ளாமல் உடல் எளிதில் திரும்புவதால், ஒரே வாகில் நெடுநேரம் கிடக்கும் தீமை குறைகிறது.

அப்படியிருந்தும் வலி ஏன் வருகிறது? மனித உடல் ஒரே சீரான பாரமுடைய பலகை அன்று. இடுப்புக்கூட்டுப் பகுதி மிகக் கனமானது, மார்பு அடுத்தது, இடையிலுள்ள குறுக்கு இலேசானது, உள்வாங்கியதும்கூட. மல்லாந்து படுப்பவருக்கு, மெத்தை வேண்டியதைவிட மென்மையாக இருந்தால், இடுப்புக்கூடு மற்ற பகுதிகளைவிட ஆழமாக அமிழ்ந்து முதுகெலும்பு தொய்ந்து போகிறது. வேண்டியதைவிட விறைப்பாக இருந்தால், பிருஷ்டமும் தோளுமே பாரத்தைத் தாங்க, இடுப்பின் வளைவு அடியில் ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்கிறது. ஒருக்களித்துப் படுப்பவரின் நிலை இன்னும் நுட்பமானது. தோளும் இடுப்பெலும்பும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பவை. அவை போதிய அளவு அமிழ இடங்கொடுத்தால்தான் முதுகெலும்பு நேர்கோட்டில் கிடக்கும். விறைப்பான லேடெக்ஸ் தோளை ஏற்றுக்கொள்ளாமல் மேலே தள்ளினால், குறுக்குப் பகுதி கீழே சரிந்து, இரவெல்லாம் பக்கவாட்டு வளைவு உண்டாகிறது. குப்புறப் படுப்பவருக்கோ எந்த மெத்தையிலும் நலம் அரிது. வயிறும் இடுப்பும் அமிழ, முதுகு பின்பக்கமாக வளைந்தே கிடக்கும். ஆகவே 50 கிலோ எடையுள்ள, ஒருக்களித்துப் படுக்கும் பெண்மணிக்குக் கட்டாந்தரையாகத் தோன்றும் அதே மெத்தை, 90 கிலோ எடையுள்ள, மல்லாந்து படுக்கும் அவருடைய கணவருக்குத் தொட்டிலாகத் தோன்றலாம். இருவரும் ஒரே மெத்தையில் படுத்து, இருவரும் வலியோடு எழுவதும் நிகழக்கூடியதே.

விறைப்பை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. எட்டு அங்குலக் குறுக்களவுள்ள வட்டத் தகடு ஒன்றால் நுரையை அழுத்தி, அதன் கனத்தில் நாலில் ஒரு பங்கு அமிழ்வதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு 65 சதவீதம் அமிழ்வதற்கு வேண்டிய விசையையும் அளந்து, முன்னதால் வகுக்கிறார்கள். மேலே கைவைத்தால் உணரும் மென்மையை முதல் எண் சொல்லும். ஆழத்திலே கிடைக்கும் தாங்கும் பலத்தை அந்த வகுத்தல் சொல்லும். சாதாரண பாலியூரித்தேன் நுரையில் அது இரண்டை ஒட்டி நிற்க, நல்ல லேடெக்ஸில் அதைவிட அதிகமாக இருக்கும். மேலே மெத்தென்றும் உள்ளே உறுதியாகவும் இருப்பது லேடெக்ஸின் விசேஷ குணம் என்பதற்கு இதுவே ஆதாரம். கடையிலே ஐந்து நிமிஷம் உட்கார்ந்தோ கையால் அமுக்கியோ பார்ப்பவர் அறிவது முதல் எண்ணை மாத்திரமே. இரவு முழுவதும் இடுப்புக்கூடு சந்திப்பது இரண்டாவதை.

முதுகுவலிக்காரர் மிகக் கெட்டியான படுக்கையில்தான் படுக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் வைத்தியர்களிடையேயும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர் ஸ்பெயின் தேசத்து வைத்தியர் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ். படுக்கையிலும் எழும்போதும் நாட்பட்ட இடுப்புவலியால் வருந்திய 313 பேரை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்குக் கெட்டியான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரமான மெத்தையும், யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாதவாறு கொடுத்து, 90 நாட்களுக்குப் பின்பு ஆராய்ந்தார். 2003-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்த அந்த முடிவின்படி, படுத்திருக்கையில் வரும் வலியிலும், எழும்போது வரும் வலியிலும், அன்றாட வேலைகளில் ஏற்படும் இயலாமையிலும், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே அதிக நலம் கண்டார்கள். இரு பிரிவினரிலுமே பலர் முன்னேற்றம் அடைந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லும் பெரியவரின் வாக்கை இந்த ஆராய்ச்சி முற்றிலும் தள்ளிவிடவில்லை. பிள்ளைப் பிராயம் முதல் பாயிலே படுத்துப் பழகிய உடலுக்கு அதுவே இதமாக இருக்கலாம். எல்லோருக்கும் பொருந்தும் மருந்தாக அதைச் சொல்வதைத்தான் ஏற்பதற்கில்லை.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. லேடெக்ஸ் துவளும் பண்டம். கம்பிச்சுருள் மெத்தைக்கு உள்ளதுபோல வடிவத்தைக் காக்கும் சட்டம் அதற்கு இல்லை. கீழே உள்ள கட்டில் எவ்வாறு இருக்கிறதோ அவ்வாறே அதுவும் படியும். நடுவில் தொய்ந்த பழைய நாடாக் கட்டிலிலோ, அகன்ற இடைவெளி விட்டுப் பலகைகள் அடித்த கட்டிலிலோ அதை விரித்தால், அந்தத் தொய்வும் அந்தப் பள்ளங்களும் முதுகை வந்து அடைகின்றன. கனம் குறைந்த லேடெக்ஸில் பருத்த உடலினர் படுத்தால், நுரை முழுவதும் நசுங்கி, இடுப்பெலும்பு பலகையையே தொட்டுவிடும். மெல்லிய லேடெக்ஸ் ஏட்டின் மேல் இறுக்கமாகத் தைத்த தடித்த உறையோ, தோள் அமிழ்வதைத் தடுத்து, மெத்தையின் குணத்தையே மறைத்துவிடும். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு உலர்த்துவது நம் வீடுகளில் நல்ல வழக்கம். அதே வழக்கத்தை லேடெக்ஸிடம் காட்டினால், சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பர்ச் சங்கிலிகளைத் தாக்கி, மேற்பரப்பை வறண்டு பொடியச் செய்துவிடும். நிழலில் காற்றாட வைப்பதே போதுமானது.

ஆதலால் வலியோடு எழுபவர் மெத்தையைத் தூக்கி எறிவதற்கு முன் சில பரீட்சைகளைச் செய்து பார்க்கலாம். மெத்தையைக் கட்டிலினின்றும் இறக்கிச் சமதரையில் இட்டுச் சில இரவுகள் படுத்தால், குற்றம் கட்டிலுடையதா என்பது தெரிந்துவிடும். ஒருக்களித்துப் படுத்து, வேறொருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொன்னால், பிடரியிலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு நேராக ஓடுகிறதா, தொய்கிறதா என்பது கண்ணுக்கே புலப்படும். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால், தொடையை இடுப்போடு பிணைக்கும் தசைகள் தளர்ந்து, இடுப்பின் வளைவு இதமாகப் படியும்; ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால், மேற்கால் முன்னே சரிந்து இடுப்பை முறுக்குவது நிற்கும். மெத்தை மிக விறைப்பானது என்று தெரிந்தால், மென்மையான லேடெக்ஸ் ஏடு ஒன்றை மேலே பரப்பலாம். மிக மென்மையானது என்று தெரிந்தால், மேலே எதைப் பரப்பியும் பயன் இல்லை, அடித்தளத்தைத்தான் மாற்ற வேண்டும். 'பழகிவிடும்' என்ற வியாபாரியின் சொல்லுக்குச் சில வாரங்கள் தவணை கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் நீடிக்கும் வலியைப் பழக்கமின்மை என்று சொல்லித் தள்ளக் கூடாது.

படுக்கை எதுவானாலும் காலையில் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. ஸ்டோவர் ஸ்நூக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாட்பட்ட இடுப்புவலியுள்ளோர் எழுந்த பின் காலை நேரத்தில் குனிவதைத் தவிர்த்தபோது, அவர்களுடைய வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வட்டுகள் புடைத்திருக்கும் அந்த வேளையில், படுத்தவாறே சட்டென்று மடங்கி எழுவதையும், எழுந்ததும் குனிந்து வாளி தூக்குவதையும், வாசல் பெருக்குவதையும் சற்றுத் தள்ளிப்போட்டு, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்து, கொஞ்ச நேரம் நடமாடிவிட்டுப் பின்னர் வேலையைத் தொடங்குவது, மேலே கூறிய விஞ்ஞானத்துக்கு முற்றிலும் இசைந்த வழி. பெரும்பாலும் நம் பெண்கள்தாம் கண் விழித்ததும் குனிந்து செய்யும் வேலைகளில் இறங்குகிறார்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்த முதல் ஒரு மணி நேர வேலையைப் பகிர்ந்துகொண்டால், விலையுயர்ந்த மெத்தை செய்வதைவிட அதிக உபகாரம் செய்தவர்கள் ஆவார்கள்.

கடைசியாக, மெத்தையைக் குறைகூறிக்கொண்டிருக்கையில் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாத வியாதிகள் சில உண்டு. நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவு இடுப்பில் வலி தோன்றி, எழுந்தபின் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்து, ஓய்வால் குறையாமல் தேகாப்பியாசத்தால் குறைந்து, இவ்வாறு மூன்று மாதங்களுக்கு மேல் தொடருமானால், அது முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கி நாளடைவில் அவற்றை ஒன்றோடொன்று இறுகச் செய்யும் அழற்சி வாதமாக இருக்கக்கூடும். இதுவும் காலையில் மிகுந்து நடமாட்டத்தால் தணிவது ஆதலால், இதனால் வருந்தும் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் மெத்தையை மாற்றிக்கொண்டே காலத்தைப் போக்கிவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே மூட்டுவாத வைத்தியரிடம் சென்றால், இரத்தப் பரிசோதனையாலும் எம்.ஆர்.ஐ. படத்தாலும் கண்டறிந்து, அழற்சியை அடக்கும் மருந்துகளால் கட்டுப்படுத்த இயலும். காய்ச்சலோடும், காரணமின்றி உடல் மெலிவதோடும் கூடிய வலியும், எந்த வாகில் படுத்தாலும் தணியாத இரவு வலியும், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாகத் தோன்றும் முதுகுவலியும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. கால்கள் பலமிழப்பதும், உட்காரும் இடத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்ச்சி மரத்துப்போவதும், சிறுநீர் அடைபடுவதோ தன்னறிவின்றிக் கழிவதோ வலியோடு சேர்ந்து வருமானால், நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். அப்பொழுது அன்றைய பொழுதுக்குள்ளேயே ஆஸ்பத்திரிக்குச் சென்றாக வேண்டும்.